சாவி கையில் இருக்கிறது... கார் எங்கே?

பெரும்பாலும் கண்ணாடி உடைவதில்லை. அலாரம் அலறுவதில்லை. ஒன்றிரண்டு நிமிடங்களில் வாசலில் நின்ற கார் மாயமாகிறது. 'ஸ்மார்ட் கீ' காலத்துத் திருட்டு எப்படி நடக்கிறது, யார் பொறுப்பு, நாம் என்ன செய்வது?

கனடாவில் நாட்டின் சட்டத்துக்குப் பொறுப்பானவர் நீதித்துறை அமைச்சர். அந்தப் பதவியில் இருந்தவர்களுக்கு அரசு ஒதுக்கிய டொயோட்டா ஹைலேண்டர் கார்கள் மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று முறை திருடு போயின. 2024 பிப்ரவரியில், கார் திருட்டைத் தடுக்கவென்றே தலைநகர் ஒட்டாவாவில் தேசிய மாநாடு கூட்டப்பட்ட நேரத்தில்தான் இந்தச் செய்தியும் வெளியே வந்தது.

அமைச்சர்களின் கார்கள் மூன்று முறையும் மீட்கப்பட்டன. சாதாரண மக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2023-ல் டொரன்டோ நகரில் மட்டும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் களவு போயின. ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்கு ஒன்று! ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் என நம் தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளும் இதற்குத் தப்பவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால், கார் நின்ற இடம் காலியாக இருக்கும். இரண்டு சாவிகளும் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கும்.

நிலைமை எந்த அளவுக்குப் போனது என்றால், 2024 மார்ச்சில் நடந்த குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் டொரன்டோ போலீஸ் அதிகாரி ஒருவர், "சாவியை வாசல் கதவருகே வைத்துவிடுங்கள்" என்றே மக்களுக்கு ஆலோசனை சொன்னார். சாவியைத் தேடி வீட்டுக்குள் புகும் திருடர்கள் ஆட்களைத் தாக்கிவிடக் கூடாதே என்ற கவலை அது. திருட்டைத் தடுக்க வேண்டியவர்களே, உயிராவது மிஞ்சட்டும் என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

இது கனடாவின் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடக்கும் வாகனத் திருட்டுகளில் சுமார் 40 சதவிகிதம், ரிமோட் சாவியின் சிக்னலை ஏமாற்றி நடப்பவை என்று 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசே அறிவித்தது. 'புஷ் பட்டன் ஸ்டார்ட்' கார்கள் நம் தெருக்களிலும் நிறைந்துவிட்டன. எனவே, இது நம் கதையும்கூட.

மூன்று வழிகள்

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் இன்ஜின் கிளம்பும். இதற்குப் பின்னால் நடப்பது ஒரு ரேடியோ உரையாடல். நீங்கள் கதவுக் கைப்பிடியைத் தொட்டதும், கார் குறைந்த அலைவரிசையில் ஒரு கேள்வியை அனுப்புகிறது. அது ஓரிரு மீட்டர் தூரம்தான் கேட்கும். அந்த எல்லைக்குள் இருக்கும் சாவி விழித்துக்கொண்டு, ரகசியக் குறியீட்டில் பதில் சொல்கிறது. பதில் சரியென்றால் கதவு திறக்கிறது. பதில் வந்துவிட்டால் சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிக்கொள்கிறது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

முதல் வழி, 'ரிலே' திருட்டு. இருவர் வருகிறார்கள். ஒருவர் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். இன்னொருவர் ஒரு கருவியோடு வீட்டுச் சுவரையும் வாசல் கதவையும் ஒட்டி நடக்கிறார். கார் கேட்கும் கேள்வியை முதல் கருவி பிடித்து இரண்டாவதுக்கு அனுப்ப, அது வீட்டுக்குள் மேசைமேல் கிடக்கும் சாவிக்குக் கேட்கவைக்கிறது. சாவி சொல்லும் பதில் வந்த வழியே காருக்குத் திரும்புகிறது. பேரனின் குரலைக் கேட்டால்தான் கதவைத் திறப்பாள் ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடன் பேரனைப் போல மிமிக்ரி செய்யவில்லை. வெளியூரில் இருக்கும் பேரனைப் போனில் பேசவைத்து, ஸ்பீக்கரில் போட்டு வாசலில் நிற்கிறான். குரல் அசல். அதனால் ரகசியக் குறியீடு எவ்வளவு கடினமாக இருந்தாலும் பயனில்லை; அதை யாரும் உடைக்கவே இல்லையே! இங்கிலாந்தின் சோலிஹல் பகுதியில் ஒரு மெர்சிடிஸ் கார் இப்படிச் சுமார் ஒரு நிமிடத்தில் களவு போகும் காட்சியை வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் 2017 நவம்பரில் வெளியிட்டபோதுதான் உலகம் இதைக் கண்ணால் கண்டது.

கார் நகர்ந்த பிறகு சாவி தூரமாகிவிடுமே, இன்ஜின் நிற்காதா? நிற்காது. ஓடும் வண்டியில் சாவியின் பேட்டரி தீர்ந்து இன்ஜின் நின்றால் விபத்தாகும் என்பதால், எச்சரிக்கை மட்டும் காட்டும்படி கார்களை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த நல்ல ஏற்பாடே திருடனுக்கும் உதவுகிறது.

இரண்டாவது வழிக்குச் சாவியின் சிக்னலே வேண்டாம். காரின் முகப்பு விளக்கு முதல் இன்ஜின் வரை எல்லாக் கணினிப் பெட்டிகளும் 'கேன் பஸ்' எனப்படும் ஒரே ஒயர் பாதையில் பேசிக்கொள்கின்றன. லண்டனில் வசிக்கும் இயன் டேபர், கார்களின் சைபர் பாதுகாப்பை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர். 2022-ல் அவருடைய டொயோட்டா ராவ்4 காரின் முன்பக்க பம்பர் இழுக்கப்பட்டு, முகப்பு விளக்கின் ஒயர்கள் பிடுங்கப்பட்டிருந்தன. யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று நினைத்தார். ஜூலையில் காரே போய்விட்டது. தன் துறை அறிவைக் கொண்டு அவரும் சக நிபுணர் கென் டிண்டெலும் துப்புத் துலக்கி, 2023 ஏப்ரலில் முடிவை வெளியிட்டார்கள். திருடர்கள் விளக்கின் ஒயரில் ஒரு கருவியைச் செருகி, "சரியான சாவி இருக்கிறது" என்ற பொய்த் தகவலைக் காருக்குள் செலுத்தியிருக்கிறார்கள். அந்தக் கருவி, பார்த்தால் சந்தேகம் வராதபடி ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரின் கூட்டுக்குள் மறைத்து விற்கப்பட்டது.

மூன்றாவது வழிதான் இந்தியாவில் அதிகம் பேசப்படுவது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, சர்வீஸ் சென்டரில் கோளாறு பார்க்க ஒயர் செருகுவார்களே, அந்த ஓ.பி.டி. போர்ட்தான் இதற்கு வாசல். சிறிய கண்ணாடி ஒன்றை உடைத்து உள்ளே புகுந்து, சாவி புரோகிராம் செய்யும் டேப்லெட்டை அதில் இணைத்து, வெற்றுச் சாவி ஒன்றைப் புதிய சாவியாகப் பதிவுசெய்துவிடுகிறார்கள். சாவி தொலைத்தவர்களுக்கு உதவ மெக்கானிக்குகளுக்கென உருவான கருவி அது. திருடன் கையில் அதுவே கள்ளச் சாவிப் பட்டறை!

தெரிந்தே விற்றார்கள்

கார் நிறுவனங்கள் இதையெல்லாம் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃப்ரான்சிலோன், டானெவ், சாப்குன் ஆகியோர் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களை ரிலே முறையில் சோதித்து, 2011-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பத்துமே திறந்தன, கிளம்பின. குறை பொதுவெளியில் சொல்லப்பட்டுவிட்டது. அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் அதே பூட்டு கோடிக்கணக்கான கார்களில் ஏறி, 'பிரீமியம் வசதி' என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டது.

ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.டி.ஏ.சி. நூற்றுக்கணக்கான மாடல்களைத் தொடர்ந்து சோதித்துவருகிறது. பெரும்பாலானவை தோற்றே போயின. பிரிட்டனில் காப்பீட்டுத் துறையின் ஆய்வு மையமான தாட்சம் ரிசர்ச் 2019-ல் 11 புதிய மாடல்களைப் பரிசோதித்தபோது, 6 மாடல்களுக்கு 'மோசம்' என்ற மதிப்பீடே கிடைத்தது.

தீர்வு இல்லாமலும் இல்லை. 'அல்ட்ரா வைட்பேண்ட்' என்ற தொழில்நுட்பம், சிக்னல் சாவிக்குப் போய்த் திரும்பும் நேரத்தை அளந்து, சாவி உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. ரேடியோ அலை ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர்தான் செல்லும். நடுவில் கருவி வைத்து நீட்டினால் நேரம் கூடும், கார் கண்டுபிடித்துவிடும். அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் சாவிகளும் வந்திருக்கின்றன. டெஸ்லா கார்களில் நான்கு இலக்க ரகசிய எண் போட்டால்தான் வண்டி நகரும் என்று வைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் எல்லா கார்களிலும் வராததற்குக் காரணம் ஒன்றுதான்: கட்டாயம் இல்லை.

கட்டாயம் வந்தால் நிறுவனங்கள் வழிக்கு வரும். 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கார்களுக்குச் சைபர் பாதுகாப்பு விதி கட்டாயமானது. அந்த விதிக்கு ஏற்ப மாற்ற முடியாத பெட்ரோல் மக்கான் காரை போர்ஷே நிறுவனம் அங்கே விற்பனையிலிருந்தே விலக்கிக்கொண்டது. கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காதது சட்டம் கேட்டால் கிடைக்கிறது.

போன கார் எங்கே போகிறது?

திருடிய காரை உடனே தூரமாக ஓட்டிச் செல்வதில்லை. பக்கத்துத் தெருவிலோ, ஆஸ்பத்திரி பார்க்கிங்கிலோ ஓரிரு நாள் நிறுத்திவைக்கிறார்கள். ஜி.பி.எஸ். கருவி இருந்து போலீஸ் தேடி வருகிறதா என்று பார்க்கத்தான் இது. யாரும் வரவில்லையென்றால் அடுத்த கட்டம்.

கனடாவில் அந்த அடுத்த கட்டம், மான்ட்ரியால் துறைமுகம். கன்டெய்னரில் வேறு பொருள் என்று பொய்க் கணக்கு எழுதி, மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மத்தியக் கிழக்குக்கும் கப்பலேற்றுகிறார்கள். 2023 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை நடத்திய 'புராஜெக்ட் வெக்டர்' வேட்டையில், அந்தத் துறைமுகத்தில் மட்டும் 598 திருட்டு வாகனங்கள் சிக்கின. அரசு விழித்து, துறைமுகச் சோதனையை இறுக்கி, தண்டனைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, 2024-ல் நாடு முழுவதும் வாகனத் திருட்டு சுமார் 19 சதவிகிதம் குறைந்தது. முனைந்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தியாவில் பாதை வேறு. விபத்தில் முழுச் சேதமான காரின் ஆர்.சி.யையும் சேஸிஸ் எண்ணையும் விலைக்கு வாங்கி, அதே மாடல், அதே நிறத்தில் திருடிய காருக்குப் போட்டுவிடுகிறார்கள். செத்த கார் காகிதத்தில் உயிர்பெற்று, வேறு மாநிலத்தில் 'செகண்ட் ஹேண்ட்' விற்பனைக்கு வருகிறது. மீதி, பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டு உதிரிச் சந்தைக்குப் போகிறது.

2025 ஜூனில் டெல்லியின் சஃப்தர்ஜங் என்கிளேவ் பகுதியில் முகமூடித் திருடர்கள் ஒரு எஸ்.யூ.வி.யின் பாதுகாப்பை ஒரு நிமிடத்தில் முறியடித்த சிசிடிவி காட்சி நாடு முழுவதும் பரவியது. அதே ஆண்டு சென்னை அண்ணாநகரில் சொகுசு கார் களவு போன வழக்கில், வட மாநிலத்தைச் சேர்ந்த பட்டதாரி ஒருவரைப் போலீஸ் புதுச்சேரியில் பிடித்தது. தென் மாநிலங்களில் சொகுசு கார்களையே குறிவைத்து வந்தவர் அவர் என்றது போலீஸ் தரப்பு.

இன்று இரவே செய்யக்கூடியவை

சாவியை வாசல் ஆணியிலோ ஷூ ரேக்கிலோ வைக்காதீர்கள். சிக்னலைத் தடுக்கும் 'ஃபாரடே' பை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இறுக்கமாக மூடும் உலோக டப்பாவும் உதவலாம். எதுவானாலும் ஒரு சோதனை அவசியம்: சாவியை அதில் போட்டு மூடி, காருக்குப் பக்கத்தில் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்தப் பையும் டப்பாவும் வீண். மாற்றுச் சாவியையும் மறக்காமல் உள்ளே வையுங்கள்.

ஸ்டீயரிங் லாக், கியர் லாக் இரண்டும் பழைய சாமான்கள் என்று ஒதுக்காதீர்கள். மேலே சொன்ன மூன்று வழிகளில் எதனாலும் அவற்றைத் திறக்க முடியாது. இரும்பை அறுக்க நேரம் வேண்டும், சத்தம் வரும். திருடன் பயப்படுவது இந்த இரண்டுக்கும்தான். ஓ.பி.டி. போர்ட்டுக்குத் தனியாகப் பூட்டும் கிடைக்கிறது. சாவி பக்கத்தில் வந்தாலே திறக்கும் வசதியை அணைத்துவைக்க உங்கள் மாடலில் வழி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு முக்கியமான யோசனை: இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். பிறகு சர்வீஸ் சென்டரில், காரின் கணினியில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்களிடம் இருப்பது இரண்டு, கணினி மூன்று என்று காட்டினால், அந்த மூன்றாவது சாவியை உடனே நீக்கவைக்க வேண்டும். ஆர்.சி. விவரத்தை எம்-பரிவாகன் செயலியிலும், திருட்டு வாகனமா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய சேவையிலும் சரிபாருங்கள். சேஸிஸ் எண் சுரண்டப்பட்டதுபோல் தெரிந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

கார் காணவில்லையா? முதல் நாள்தான் முக்கியம்

முதலில், டிராபிக் போலீஸ் இழுத்துச் சென்றிருக்கிறதா, தவணை பாக்கிக்காக ஃபைனான்ஸ் நிறுவனம் எடுத்திருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் 100 அல்லது 112-க்கு உடனே அழையுங்கள். ஃபாஸ்டேக் எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறதா என்று பாருங்கள். கார் எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பதை அது சொல்லிவிடும். ஜி.பி.எஸ். காட்டும் இடத்துக்கு நீங்களே போய்விடாதீர்கள். அந்தத் தகவல் போலீஸுக்கு உரியது. உங்கள் உயிர் காரைவிடப் பெரிது.

அக்கம்பக்கத்து சிசிடிவி பதிவுகளை அன்றே வாங்கிவையுங்கள். சில நாட்களில் அவை தானாக அழிந்துவிடும். கண்ணாடித் துண்டுகூடக் கிடக்காத திருட்டில், "இரண்டு சாவியும் உங்களிடம் இருக்கும்போது கார் எப்படிப் போனது?" என்று இன்சூரன்ஸ் தரப்பு கேட்கும். அதற்கு அந்தக் காட்சிதான் பதில்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான பிரிவு 303(2). எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அதே நாளில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும், கடன் கொடுத்த வங்கிக்கும், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் தகவல் சொல்லுங்கள். 'தேர்டு பார்ட்டி' பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்குப் பணம் கிடைக்காது. முழுமையான பாலிசியிலும் கிடைப்பது ஐ.டி.வி. என்ற மதிப்புத் தொகைதான். விலைப்பட்டியலில் 12 லட்சம் ரூபாய் உள்ள கார், இரண்டு முதல் மூன்று வயதுக்குள் இருந்தால் 30 சதவிகிதத் தேய்மானம் போக 8.4 லட்சம்தான் மதிப்பு. புதிய காருக்கு 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பை எடுத்தவர்களுக்கு வாங்கிய விலையை ஒட்டிய தொகை கிடைக்கும். கடன் இருந்தால் முதல் பணம் வங்கிக்கே போகும். கார் போய்விட்டது என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள், கடன் நிற்பதில்லை.

தேடியும் கிடைக்கவில்லை என்ற போலீஸ் அறிக்கை, ஆர்.சி., பாலிசி, இரண்டு சாவிகள், ஆர்.டி.ஓ. படிவங்கள் 28, 29, 30, கடன் இருந்தால் 35 ஆகியவை க்ளெய்முக்குத் தேவைப்படும். "எங்களுக்குத் தாமதமாகச் சொன்னீர்கள்" என்று நிறுவனம் மறுத்தால் சோர்ந்துவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டுமே காரணம் காட்டி க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.

பணம் வாங்கும் முன்பே கார் கிடைத்துவிட்டால், அதை ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடாதீர்கள். வழக்கு முடியும் வரை வாகனங்களை அப்படிக் கிடத்திவைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு, வாகனத்தை இடைக்காலமாகப் பெற்றுக்கொள்ளலாம்.

பூட்டுக்கும் ஸ்டார் வேண்டும்

இத்தனையும் கார் வாங்கியவர் தலையில் விழுந்த வேலைகள். பை வாங்குவது, பூட்டு மாட்டுவது, சிசிடிவி தேடுவது, நீதிமன்றம் ஏறுவது எல்லாம் அவரே. குறையுள்ள பூட்டைச் செய்து விற்றவருக்கோ எந்தச் செலவும் இல்லை. இது நியாயம் இல்லை.

2023 அக்டோபர் முதல் நம் நாட்டில் 'பாரத் என்கேப்' சோதனை நடக்கிறது. மோதினால் பயணிகள் எவ்வளவு பத்திரம் என்பதற்கு ஸ்டார் கொடுக்கிறார்கள். அந்த ஸ்டார்களைப் பார்த்து மக்கள் கார் வாங்கத் தொடங்கியதும், நிறுவனங்கள் அவற்றை விளம்பரத்தில் பெருமையாகப் போட்டுக்கொள்கின்றன. திருட்டுக்கு எதிரான பாதுகாப்புக்கும் அதே போன்ற மதிப்பீட்டை மத்திய போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவர வேண்டும். ரிலே திருட்டில் திறக்கும் சாவியோடு புதிய கார் விற்பதைத் தடை செய்ய வேண்டும். சாவி புரோகிராம் செய்யும் கருவிகளை உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும். சிக்னலை ஏமாற்றும் கருவியை வைத்திருப்பதற்கே ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்று பிரிட்டன் அரசு 2025-ல் மசோதா கொண்டுவந்தது. நம் நாடாளுமன்றமும் அந்தத் திசையில் யோசிக்க வேண்டும்.

அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது மைலேஜும் சன்ரூஃபும் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இந்தச் சாவி ரிலே திருட்டைத் தாங்குமா, ஓ.பி.டி. வழியாகப் புதுச் சாவி போடுவதைத் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள், சாவி இல்லாத் திறப்பை அணைக்க வழி உண்டா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவர் கேட்காதவரை விற்பவர் திருத்தமாட்டார்.